வரலாற்று மனிதர்கள் விரும்பி உண்டதைச் செட்டிநாட்டு அடுப்படியில் சமைத்தல்: முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் இன்று ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கோடை விடுமுறைக்கோ, முன்னோர்க்குப் படைக்கும் படைப்புக்கோ, கல்யாணத்துக்கோ பங்காளிகள் கூடும்போது மட்டும் அடுப்பெரியும் வீடுகளாகிவிட்டன. அப்படிக் கூடும் நாட்களில், வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம் என்ற வழக்கமான வரிசைக்கு நடுவே ஒரு நாளையேனும் வேறு விதமாக அமைக்க விரும்புவோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வரலாற்றில் பெயர் பெற்ற சிலர் விரும்பி உண்டதாகச் சான்றுள்ள உணவுகளை, நம் வீட்டு உரல், தோசைக்கல், கும்முட்டி அடுப்பு (கரி அடுப்பு) ஆகியவற்றைக் கொண்டே சமைத்துப் பந்தியில் வைப்பது இதன் நோக்கம்.

இதில் சமையல் எளிது; எதைச் சமைப்பது என்று முடிவு செய்வதுதான் கடினம். இன்ன அரசருக்கு இன்ன உணவு பிடிக்கும் என்று சொல்லும் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன என்றாலும், அந்த அரசர் அதை உண்டபோது பக்கத்தில் இருந்து பார்த்தவர் யார் என்பதை அவற்றில் பெரும்பாலானவை சொல்வதில்லை. கொண்டுவிற்கும் தொழிலில், அதாவது வணிகத்தில், பழகிய நம் முன்னோர் பேரேட்டில் ஒரு பற்று எழுதுவதற்கு என்ன ஆதாரம் கேட்டார்களோ, அதே ஆதாரத்தை இங்கும் கேட்க வேண்டும். ஆகையால் இந்த வழிகாட்டியின் முற்பாதியில் அடுப்புப் பற்றவைக்கப்படாது.

முதற்படி: சான்றைத் தரம் பிரித்தல்

உண்டவரே தம் கையால் எழுதி வைத்ததுதான் தலையாய சான்று. இவ்வகையில் முகலாயர்கள் நமக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்கள். 1526இல் தில்லியைக் கைப்பற்றிய பாபர், தம் நினைவுக் குறிப்புகளில் இந்துஸ்தானத்தில் நல்ல முலாம்பழம் இல்லை, திராட்சை இல்லை, பனிக்கட்டி இல்லை, கடைத்தெருவில் நல்ல ரொட்டி இல்லை என்று மனம் நொந்து எழுதுகிறார். தமக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு முலாம்பழத்தை அறுத்து உண்டபோது உள்ளம் கலங்கியதையும் அவரே சொல்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் இப்ராஹிம் லோடியின் தாயார் சமையற்கட்டு வழியாக அவருக்கு நஞ்சு வைத்தார். அன்று உண்ட முயல் கறி, பொரித்த கேரட், உப்புக்கண்டம் வரை வரிசையாக எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், உயிர் பிழைத்த மனிதர் உணவை எவ்வளவு கவனத்தோடு நினைவில் வைத்திருந்தார் என்பது தெரியும். அவருடைய கொள்ளுப்பேரன் ஜஹாங்கீர் இன்னும் தெளிவாகப் பேசுகிறார். குஜராத்தில் தங்கியிருந்த காலத்தில் கம்பும் பருப்பும் சேர்த்துச் செய்யும் கிச்சடியை முதன்முறையாகச் சுவைத்ததாகவும், அது தமக்குப் பிடித்துப்போனதால் புலால் உண்ணாத நாட்களில் அதையே அடிக்கடி கொண்டுவரச் சொன்னதாகவும் எழுதுகிறார். விருப்ப உணவுக்கு இதைவிட நேரான வாக்குமூலம் கிடைப்பது அரிது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெபர்சன் தம் கையெழுத்தில் விட்டுச்சென்ற ஐஸ்கிரீம் செய்முறையும் இந்தத் தரத்தைச் சேர்ந்தது.

அடுத்த தரம், ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் சொல்வது. ஜார்ஜ் வாஷிங்டன் காலையில் மக்காச்சோள மாவில் சுட்ட சிறு அடைகளை வெண்ணெயும் தேனும் வழியவழிய உண்பார் என்பதை அவர் வீட்டில் வளர்ந்த பேத்தி நெல்லி கஸ்டிஸ் எழுதியிருக்கிறார். செய்முறையும் அவர் கடிதத்தில் உண்டு. வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருக்குச் சொந்தப் பல் ஒன்றே மிஞ்சியிருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், மெத்தென்ற அடையை அவர் நாடியதில் வியப்பில்லை.

மூன்றாவது தரம், உடன் பழகியவர் என்றாலும் முழுதும் நம்ப முடியாதவர் சொல்வது. பீத்தோவன் ஒரு கோப்பைக் காப்பிக்கு 60 கொட்டைகளை எண்ணிப் போடுவார் என்றும், சீஸ் தூவிய மக்ரோனி அவருக்குப் பிடிக்கும் என்றும் எழுதியவர் அவருடைய செயலாளராக இருந்த ஷிண்ட்லர். இசைமேதையின் உரையாடல் குறிப்பேடுகளில் அவர் மறைந்த பிறகு தாமே பல வரிகளைச் சேர்த்தெழுதியவர் என்று பிற்காலத்தில் நிறுவப்பட்டவரும் இதே ஷிண்ட்லர்தான். இத்தகைய உணவைப் பந்தியில் வைக்கலாம். சொன்னவர் யார் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

கடைசித் தரம், ஆளில்லாக் கதைகள். 1800 ஜூன் 14 அன்று மாரெங்கோ போரில் வென்ற நெப்போலியனுக்கு, கையில் கிடைத்த கோழியையும் தக்காளியையும் கொண்டு சமையற்காரர் ஓர் உணவு சமைத்தாராம். அது பின்னாளில் எழுந்த கதை என்றே உணவு வரலாறு எழுதுவோர் கொள்கின்றனர். நமக்கு நெருக்கமான கதை சாம்பாருடையது. தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஜி, விருந்தாக வந்த சிவாஜியின் மகன் சம்பாஜிக்காகச் சமைக்கச் செய்ததால் அப்பெயர் வந்தது என்பார்கள். ஷாஜி அரியணை ஏறியது 1684இல். சம்பாஜி கொல்லப்பட்டது 1689இல். அந்த ஐந்தாண்டும் சம்பாஜி ஔரங்கசீப்பின் படையோடு ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்தார். அந்த நெருக்கடியில் தஞ்சாவூருக்கு விருந்துண்ண வந்தார் என்று சொல்பவர்கள், அக்காலத்து ஆவணம் ஒன்றைக் காட்டும் வரை இக்கதையைப் பந்திப் பேச்சாக மட்டுமே வைத்துக்கொள்வது நல்லது. கதை பொய் என்பதற்காகச் சாம்பாரை யாரும் தள்ளிவைக்கப் போவதில்லை.

இரண்டாம் படி: விருப்பத்தையும் விரதத்தையும் பிரித்தறிதல்

காந்தியடிகள் 1927ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் செட்டிநாட்டுக்கும் வந்தவர் என்பதால், அவருக்கு ஒரு தட்டு வைக்க வேண்டும் என்று வீட்டில் யாரேனும் ஒருவர் கட்டாயம் சொல்வார். உடனே எல்லோர் நினைவுக்கும் வருவது ஆட்டுப் பாலும் நிலக்கடலையும். ஆனால் ஆட்டுப் பால் அவருடைய விருப்பம் என்று எழுதுவது பெரும் பிழை. பசுவுக்கும் எருமைக்கும் இழைக்கப்படும் கொடுமையை எண்ணிப் பாலையே விட்ட அவர், கடும் நோயில் விழுந்தபோது, ஆட்டுப் பால் அந்த உறுதிமொழிக்குள் வராதே என்று கஸ்தூரிபா எடுத்துச் சொல்ல, வேறு வழியின்றி ஏற்றார். உறுதிமொழியின் எழுத்தைக் காத்து உயிர்ப்பொருளை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் தமக்கு இருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே பதிவு செய்திருக்கிறார். 1915இல் ஹரித்துவாரக் கும்பமேளாவில் அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு உறுதிமொழி, ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்பது.

ஆகவே காந்திக்குத் தட்டு வைக்க விரும்பினால், அதை விருப்ப உணவு என்று பெயரிடாமல் ஐந்து பொருள் தட்டு என்று வைக்கலாம். இதைச் செய்து பார்ப்பவர்கள் உடனே உணரும் ஒன்று உண்டு: ஒரு சாதாரணச் செட்டிநாட்டுக் குழம்பில் தாளிப்பிலேயே ஐந்து பொருள் தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: ஆண்டைப் பார்த்துப் பொருளை விலக்குதல்

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி ஆகிய அனைத்தும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1492இல் கொலம்பஸ் அங்கே சென்று, 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகே போர்த்துகீசியர் வழியாக அவை இந்தியக் கரைக்கு வரத் தொடங்கின. வந்த பிறகும் உள்நாட்டுச் சமையலில் கலக்கப் பல தலைமுறைகள் பிடித்தன. எனவே பாபர் தட்டில் வரமிளகாய் இருக்கக் கூடாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் தொகுத்த மானசோல்லாசத்தின் உணவுப் பகுதியைச் சமைப்பவர்களும் காரத்துக்கு மிளகையே நம்ப வேண்டும். அந்நூலில் தோசையும் வடையும் இருக்கின்றன. இட்லியின் முன்னோடி எனக் கருதப்படும் பண்டம் அரிசி சேராமல் உளுந்தை மட்டும் கொண்டது. வயல் எலியைச் சுட்டுச் சமைக்கும் முறையும் அதே பகுதியில் இருக்கிறது என்பதைப் பந்தி முடிந்த பிறகு சொல்வது உசிதம்.

இந்தப் படி கேட்பதற்கு எளிதாகத் தோன்றினாலும் செட்டிநாட்டுக் கைக்கு மிகவும் கடினமானது. எண்ணெய் காய்ந்த மாத்திரத்தில் கை தானாக வரமிளகாய் டப்பாவுக்குப் போகும். அதனால் சமையல் தொடங்குமுன் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, அன்றைக்கு ஆகாதவற்றை வெளியே எடுத்து வேறோர் அறையில் வைத்துவிடுவது ஒன்றே பாதுகாப்பான வழி. மிளகு, சீரகம், இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவை பழைய உணவுகளுக்குத் தாராளமாகப் போதும். கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்று ஒரு நாள் ஓய்வெடுக்கலாம்.

நான்காம் படி: பழைய அளவை வீட்டு அளவாக்குதல்

அளவோடு எழுதப்பட்ட செய்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு, அக்பரின் அரண்மனை நடைமுறைகளை அபுல் ஃபசல் தொகுத்த அயினி அக்பரி. அதில் கிச்சடிக்குத் தரப்பட்டுள்ள கணக்கு: அரிசி 5 சேர், பருப்பு 5 சேர், நெய் 5 சேர், உப்பு ஒரு சேரில் மூன்றில் ஒரு பங்கு. சேரின் எடை ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது என்பதால் அதைக் கிராமாக மாற்ற முயன்று நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். அரிசி 150 கிராம், பாசிப்பருப்பு 150 கிராம், நெய் 150 கிராம், உப்பு 10 கிராம் என்று எடுத்தால் விகிதம் அப்படியே அமைந்துவிடும். இதைத் தராசில் நிறுக்க வேண்டும். ஆழாக்கால் அளந்தால் உருகிய நெய்யின் எடை வேறுபட்டுக் கணக்குத் தப்பும்.

அரிசியையும் பருப்பையும் களைந்து அரை மணி நேரம் ஊறவைத்து, 1 லிட்டர் தண்ணீரில் உப்போடு வேகவிட்டு, தண்ணீர் சுண்டி வரும்போது நெய்யை மூன்று முறையாகப் பிரித்து ஊற்றிக் கிளற வேண்டும். முதல் இரண்டு பங்கு நெய்யைச் சாதம் உள்வாங்கிக்கொள்ளும். மூன்றாவது பங்கு உள்ளே போகாமல் பானையின் ஓரத்தில் வளையம் கட்டி நிற்கும். கரண்டியால் ஒதுக்கினால் அந்தப் பள்ளத்தில் வந்து தேங்கும். வெண்பொங்கலுக்கு நெய் வார்ப்பதில் நாம்தான் தாராளம் என்று நினைத்திருப்பவர்களின் எண்ணம் அந்த இடத்தில் மாறும். ஒருவருக்கு ஒரு சிறு கரண்டி அளவே பரிமாற வேண்டும். அதற்கு மேல் யாராலும் உண்ண முடியாது. அந்தச் செய்முறையில் மசாலா எதுவும் சொல்லப்படவில்லை என்பதால் நாமும் சேர்க்கக் கூடாது.

ஐந்தாம் படி: அடுப்பில் ஏற்றுதல்

மதியப் பந்திக்கு ஔவையாரின் சோறு பொருத்தமானது. புல்வேளூரில் பூதன் என்பவர் இட்ட வரகரிசிச் சோறு, வழுதுணங்காய் (கத்தரிக்காய்) வாட்டு, நன்றாகப் புளித்த மோர் ஆகிய மூன்றையும் புகழ்ந்து, இந்தச் சோற்றுக்கு உலகமெல்லாம் ஈடாகும் என்று பாடும் தனிப்பாடல் ஔவையார் பெயரில் வழங்குகிறது. ஔவையார் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் பாடியிருப்பதாலும், தனிப்பாடல்கள் பிற்காலத்தில் திரட்டப்பட்டவை என்பதாலும், இதை முதல் தரத்துக்குச் சற்றுக் கீழே வைக்கிறேன். ஆனாலும் ஒரு முழு வேளை உணவை இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் சொன்ன வேறு சான்று தமிழில் எனக்குத் தென்படவில்லை.

வரகரிசி இரண்டு ஆழாக்குக்கு ஐந்து ஆழாக்குத் தண்ணீர் கணக்கு. மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகு மயக்கமும் வாந்தியும் உண்டாக்கும் என்பதால், நன்றாகக் காய்ந்து உமி நீக்கிய சரக்கை நம்பகமான கடையில் வாங்கி, மூன்று முறை களைந்து பயன்படுத்த வேண்டும். தண்ணீர் கொதித்த பிறகு வரகைப் போட்டு, மூடி, தணலில் வைத்தால் கால் மணி நேரத்தில் பொலபொலவென்று வெந்துவிடும்.

கத்தரிக்காய்தான் இந்த உணவின் உயிர். சதைப்பற்றுள்ள பெரிய நாட்டுக் கத்தரிக்காயாகப் பார்த்து எடுத்து, காம்பை விட்டுவைத்து, இரண்டு மூன்று இடங்களில் கத்தி முனையால் குத்தி, மேலே நல்லெண்ணெய் தடவிக் கும்முட்டி அடுப்பின் கரித்தணலில் நேராக வைக்க வேண்டும். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைத்து வெடித்துவிடும். காம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வாட்டும்போது முதலில் தோல் சுருங்கும், பிறகு கருகி உரியத் தொடங்கும், கடைசியில் குத்திய இடங்களில் சாறு கசிந்து தணலில் விழுந்து புகையும். அந்தப் புகை வந்தவுடன் எடுத்துவிட வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் தோலை உரித்து, தண்ணீரில் கழுவாமல் அப்படியே மசித்து, உப்பும் தட்டிய மிளகும் சேர்த்தால் போதும். இங்கே ஒரு சபலம் வரும். வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, புளி கரைத்து ஊற்றி, தாளித்துக் கொட்டினால் நமக்குப் பழகிய கோசமல்லி ஆகிவிடுமே என்று தோன்றும். ஆகிவிடும், ஆனால் அது ஔவைக்கு இட்ட சோறாக இராது. கோசமல்லியை மறுநாள் இட்லிக்கு வைத்துக்கொள்ளலாம். மோருக்கு முதல் நாள் காலையிலேயே தயிரை மண்சட்டியில் புளிக்க விட்டு, மறுநாள் மத்தால் கடைந்து, நுரை அடங்குமுன் ஊற்ற வேண்டும்.

இரவுக்கு ஜஹாங்கீரின் கம்பங்கிச்சடி. அவர் அளவு எதுவும் எழுதி வைக்காததால் விகிதம் நம்முடையது: ஆறு பேருக்குக் கம்பு 200 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர். கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, உரலில் போட்டு மெதுவாகக் குத்தினால் உமி கழன்றுவரும். முறத்தில் புடைத்து உமியை நீக்கி, மறுபடி உரலில் இட்டு ஒன்றிரண்டாக உடைக்க வேண்டும். உடைத்த கம்பை நாட்கணக்கில் வைத்தால் அதிலுள்ள கொழுப்புக் கெட்டுக் கசந்துவிடும் என்பதால் குத்திய அன்றே பயன்படுத்துவது முக்கியம். முன்பெல்லாம் இந்த வேலைக்கு வீட்டில் ஆள் இருந்தது. இப்போது பேரப் பிள்ளைகளை உலக்கை பிடிக்க விட்டால், புகைப்படம் எடுத்துக்கொள்ளும் ஆசையிலாவது பாதிக் கம்பு குத்துப்பட்டுவிடும். மீதியை மிக்ஸியில் ஓரிரு சுற்றுச் சுற்றி எடுப்பதில் குற்றமில்லை.

உடைத்த கம்பைக் கொதிக்கும் தண்ணீரில் தூவிக் கட்டி விழாமல் கிளறி, இருபது நிமிடம் கழித்துக் களைந்த பருப்பைச் சேர்த்து, அடி பிடிக்காமல் மேலும் அரை மணி நேரம் தணலில் வேகவிட வேண்டும். இறக்கும் நேரத்தில் உப்பும் மூன்று கரண்டி நெய்யும் சேர்க்கவும். மிளகும் சீரகமும் நெய்யில் பொரித்துக் கொட்டுவது நம் சேர்க்கை. கம்பங்கூழ் குடித்து வளர்ந்த தலைமுறையினர் ஒரு வாய் எடுத்துவைத்ததும், பாதுஷா உண்டது இதுதானா என்று கேட்பார்கள். ஆமாம், இதுதான்.

வாஷிங்டனின் அடை இடைப்பலகாரத்துக்கு ஏற்றது. மஞ்சள் மக்காச்சோள மாவு வாங்க வேண்டும்; கடையில் கார்ன்ஃப்ளோர் என்று கேட்டால் குழம்பைக் கெட்டியாக்கும் வெள்ளை மாவைக் கொடுத்துவிடுவார்கள், அது உதவாது. இரண்டு கோப்பை மாவுக்குக் கால் தேக்கரண்டி ஈஸ்ட் சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இட்லி மாவுப் பதத்துக்குக் கரைத்து இரவு முழுவதும் வைத்து, மறுநாள் ஒரு முட்டையும் உப்பும் சேர்த்து, சூடான தோசைக்கல்லில் உள்ளங்கை அளவில் ஊற்றி இருபுறமும் சிவக்க எடுக்க வேண்டும். வெண்ணெயும் தேனும் தாராளமாக.

அதோடு பீத்தோவனின் காப்பி. வறுத்த கொட்டையாகவே வாங்கி, ஒரு கோப்பைக்கு 60 என்று எண்ணிக் கொடுக்கும் பொறுப்பைச் சிறு பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். அறுபது கொட்டை சுமார் 8 கிராம் வரும். அதை அரைத்து வழக்கம்போல் பில்டரில் இறக்கலாம், சிக்கரி வேண்டாம். பாலும் சர்க்கரையும் அவரவர் விருப்பம்.

ஆறாம் படி: பந்தியும் அட்டையும்

காலையில் பாபருக்காக முலாம்பழம், நண்பகலில் ஔவையின் சோறு, மாலையில் அடையும் காப்பியும், இரவில் ஜஹாங்கீர் கிச்சடி என்று ஒரு நாளை அமைக்கலாம். அக்பர் கிச்சடியை அதே நாளில் வைத்தால் வயிறு தாங்காது. அதற்குத் தனியாக ஒரு குளிர்ந்த நாளை ஒதுக்குவது நல்லது.

ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை எழுதி வைக்க வேண்டும். அதில் உண்டவர் யார், சொன்னவர் யார், நாம் மாற்றியது எது என்ற மூன்றும் இருக்க வேண்டும். அடையில் முட்டை சேர்க்காவிட்டால் அதையும் எழுத வேண்டும். காப்பி அட்டையில் ஷிண்ட்லரின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். கம்பங்கிச்சடிக்கான அட்டை இவ்வாறு அமையலாம்: "உண்டவர்: ஜஹாங்கீர், ஆட்சி 1605 முதல் 1627 வரை. சொன்னவர்: அவரே. அவர் குறித்தவை கம்பும் பருப்பும். அளவு, மிளகு, சீரகம் நம் வீட்டுச் சேர்க்கை. மிளகாய் இல்லை; ஊறுகாய் கேட்பவர்களுக்கு இரண்டாங்கட்டில் தனியாக வைக்கப்பட்டுள்ளது."